‘தோட்டக் கதை வேண்டாம்’ என்று எழுதுமுன்: நாவல் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் கையெழுத்துப்படிகளைப் பிழைதிருத்துவது, போட்டிக்கு வந்த கட்டுகளைப் படித்து மதிப்பெண் போடுவது, புதிதாக எழுத வருகிறவர்களின் வரைவுகளோடு மல்லுக்கட்டுவது என்று இருக்கும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. மலேசிய ரப்பர் தோட்ட வாழ்க்கையை எழுதும் நாவல்களைப் பற்றிக் கொஞ்ச காலமாக ஒரே பேச்சு எங்கும் கேட்கிறது. “தோட்டத்த விடுங்கப்பா. கங்காணி, கள்ளு, சயாம் ரயிலு எல்லாம் எழுதித் தீந்துடுச்சி. இனிமே போகாது.” மேடையில் இதையே நாகரிகமாக ‘புதிய களங்கள் தேவை’ என்கிறோம். அடுத்த போட்டியின் விதிமுறைத் தாளில் இது ஒரு வரியாக ஏறிவிடுமோ என்ற அச்சத்தில்தான் எழுதுகிறோம்.

முதலில் ‘சந்தை’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். இந்த நாட்டில் ஒரு தமிழ் நாவலை ஐந்நூறு படி அச்சடிப்பதே துணிச்சல். அதிலும் பெரும்பகுதி வெளியீட்டு விழாவில், முதல் நூல் பெறும் பிரமுகர் தொடங்கி மண்டபத்துக்கு வந்த உறவினர்வரை, உறையில் மொய் வைப்பதுபோல வாங்கப்படுகிறது. கடைக்குப் போய், பின்னட்டையைப் படித்து, “அட, இதுவும் தோட்டமா” என்று திரும்ப வைத்துவிட்டுப் போகும் வாசகர் எத்தனை பேர்? ஐந்நூறு படியில் ஒரு பொருள் தேங்கிப்போக வழியே இல்லை. அலுத்துப்போனவர் யார் என்றால், மூன்று வாரத்தில் நாற்பது கட்டுகளைப் படித்து முடிக்க வேண்டியிருக்கும் நடுவர். அந்த அலுப்பு நியாயமானது, எங்களுக்கும் உண்டு. ஆனால் அது நடுவரின் அலுப்பு. அதை வாசகர் தலையில் கட்டக்கூடாது.

அலுப்பு எதில் வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். கப்பலில் வாந்தி. கங்காணியின் மீசை. குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வரும் துரை. கள்ளுக்கடைச் சண்டை. மாரியம்மன் திருவிழாவில் முளைக்கும் காதல். ஜப்பான்காரன். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத அப்பா. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல். குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அடையாள அட்டை. பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடி, குண்டர் கும்பலில் சேரும் மகன். கடைசிப் பக்கத்தில் ஒரு கிழவர் பால்மரத்தைக் கட்டிப்பிடித்து அழுவார். 1910-இல் தொடங்கி 1990-இல் முடியும் கதை, இருநூறு பக்கம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு இரண்டரைப் பக்கம். இரண்டரைப் பக்கத்தில் யாரும் வாழ முடியாது, செய்தியாகத்தான் கடந்து போக முடியும்.

ஆக, தேய்ந்துபோனது இந்த வார்ப்புதான். தோட்டம் என்ற பொருளுக்குள் நம் நாவல்கள் இன்னும் சரியாக நுழையவே இல்லை என்பது எங்கள் எண்ணம். காரணம் எளியது. தோட்டத்தில் ஆள்கள் விழித்திருந்த நேரத்தில் பெரும்பங்கு வேலையில் போனது. நம் நாவல்களிலோ வேலை என்பது “அதிகாலையில் எழுந்து பால்வெட்டப் போனாள்” என்ற ஒற்றை வரி. அடுத்த வரியில் அவள் வீடு திரும்பியிருப்பாள்.

அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒட்டுக்கன்று மரம் என்றால் முதல் வெட்டு தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் தொடங்கும். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, ஏறத்தாழ 30 பாகைச் சரிவு. பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், இப்படிச் சரித்தால்தான் கூடுதலான குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய பட்டை. ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் விட வேண்டும். அதைத் தாண்டி உளி இறங்கினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும், சில ஆண்டு கழித்துப் புதுப்பட்டையில் வெட்ட வரும்போது உளி ஓடாது. ஆகவே “அவள் ஆத்திரத்தில் உளியை ஆழப் பாய்ச்சினாள், பால் பீறிட்டது” என்று எழுதுகிறவர் தன்னை அறியாமல் ஒரு குற்றத்தை எழுதுகிறார். கங்காணி அந்தக் காயத்தை மறுநாள் பார்ப்பான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதுதான் கதை, அது எழுதப்படாமலே போகிறது.

இன்னும் ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்தில், மழைநாள் போக ஆண்டுக்குச் சுமார் 150 வெட்டு. ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் ஆண்டுக்கு ஒரு சாண் பட்டை இறங்குகிறது. நெஞ்சு உயரத்தில் தொடங்கிய கோடு ஆறாவது ஆண்டில் கணுக்கால் பக்கம் வந்துவிடும். முதல் ஆண்டில் நிமிர்ந்து நின்று வெட்டியவள், மூன்றாம் ஆண்டில் இடுப்பை வளைத்து, ஆறாம் ஆண்டில் குந்தி உட்கார்ந்து வெட்டுகிறாள். அவளுக்கு ஒதுக்கிய நிரையில் நானூறு, ஐந்நூறு மரம். அத்தனை முறை குந்தி எழுகிறாள். பிறகு மறுபக்கப் பட்டையில் மீண்டும் நெஞ்சு உயரத்தில் தொடக்கம், அன்றைக்கு முதுகு நிமிரும். ஒரு பெண்ணின் இடுப்பும் ஒரு மரத்தின் கோடும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறும் ஆறாண்டுக் காலம் இது. நாவலுக்கு இதைவிட நல்ல நாட்காட்டி எது? ‘ஆண்டுகள் உருண்டோடின’ என்று எழுதவே வேண்டாம். “கோடு முட்டிக்குக் கீழே வந்திருந்தது” என்றால் போதும். மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்ந்து பால் குறையும், கூலியும் குறையும். பசிக்கும் கடனுக்கும் திருமணத்தைத் தள்ளிவைப்பதற்கும் மரமே காரணம் கொடுக்கிறது. வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. இது நடுவர்களுக்கும் உதவும். 1982 ஜனவரி முதல் நாள் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. இப்போது கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழுகிறது என்றால், 1970-களில் அதே சூரியன் ஆறரையை ஒட்டி எழுந்தது. ஜப்பானியர் காலத்தில் டோக்கியோ நேரம், ஆகவே விடிவதே எட்டு மணிக்கு மேல்தான். 1943-இல் “ஆறு மணிக்குப் பொழுது புலர்ந்தது” என்று எழுதினால் அது பிழை. அந்தக் காலத்தில் ரப்பருக்கு வாங்குவோர் இல்லாமல் பல தோட்டங்களில் வெட்டே நின்று மரவள்ளி நட்டார்கள், ஆகவே “நாள்தோறும் பால்வெட்டினாள்” என்பதும் பெரும்பாலும் பிழை. கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். ‘ரிங்கிட்’ என்பது 1975-இல் அதிகாரப் பெயரானது, அதற்கு முன் ‘வெள்ளி’. இன்றும் வாயில் வருவது வெள்ளிதான். பால் நிறுக்கும் 1950-களின் ஸ்டோரில் ‘கிலோ’ நிறுத்தால் அதுவும் இடறும், அப்போது ராத்தல். கங்காணி ஆள்சேர்க்கும் வழி 1938-இல் இந்திய அரசின் தடையோடு அடைபட்டது. 1947-இல் ஒரு கங்காணி நாகப்பட்டினத்திலிருந்து கூட்டம் சேர்த்துக் கப்பலேற்றுவதாக வரும் அத்தியாயங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு நடுவரும் அதைச் சுட்டியதில்லை. ‘புதுமை’ இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

சரி, அதே தோட்டத்தை வேறு எப்படித்தான் எழுதுவது என்று கேட்பீர்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான வார்ப்பில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொடியவர், பெண்ணைப் பார்த்துப் பல்லிளிப்பார், கூலியைப் பிடிப்பார், அவள் கண்ணீரோடு திரும்புவாள். இப்போது அதே கிராணியை 1980-களின் ஸ்டோரில், தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் கையில் மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவை. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, கலக்கி, மேலே நிற்கும் நுரையை விரலால் ஒதுக்கி, மிதவையை விட்டு, அது ஆடி அடங்கியதும் கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். வந்த எண்ணை மூன்றால் பெருக்கினால் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் என்பது தெரியும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும், நுரை நின்றாலும், பால் ஏற்கெனவே உறையத் தொடங்கியிருந்தாலும், நின்றபடி மேலிருந்து பார்த்தாலும் கணக்கு தப்பும். இருபது கிலோ பாலுக்கு 35 விழுக்காடு என்றால் ஏழு கிலோ. 30 என்றால் ஆறு. மாதம் 26 நாள் வேலை என்றால் 26 கிலோவின் கூலி அந்த நுரையில் போகிறது.

“என்னா கிராணியாரே, முந்தாநேத்து முப்பத்தஞ்சு. இன்னிக்கி முப்பதா? மரம் அதே மரந்தான்.”

“ராத்திரி மழ பேஞ்சிச்சில்ல. பால் மங்குல தண்ணி நின்னுருக்கும்.”

“மங்க கவுத்துத்தான வச்சிருந்தேன்.”

“அப்ப பட்டையில வழிஞ்சிருக்கும்.”

“குனிஞ்சி பாத்துச் சொல்லுங்க. நின்னுக்கிட்டே சொல்றீங்க.”

கிராணிக்கு முதுகுவலி என்று வையுங்கள். காலையிலிருந்து அறுபது பேருக்குக் குனிந்து படித்தாயிற்று, இனி முடியவில்லை. அவருக்குத் திருடும் எண்ணமே இல்லை. எண்பது மரம் முந்திக்கொண்டு வெட்டி முதலில் ஸ்டோருக்கு வருகிறவளுக்குச் சரியான கணக்கு, மெதுவாக வெட்டிக் கடைசியில் வருகிறவளுக்கு நின்றபடி கணக்கு. வரிசையில் முதலிடத்துக்காகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இரண்டு வீடுகளுக்குள் பகை மூள்கிறது. மூன்று பக்கக் காட்சி, வில்லன் கிடையாது, அநீதி மட்டும் அப்படியே இருக்கிறது. இதைப் படிக்கிற நடுவர் அலுத்துக்கொள்வாரா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழகிய பொருளை எழுதத் துணிகிறவருக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான். எழுதத் தொடங்குமுன் அதே பொருளில் வந்த பத்து நாவலை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் காட்சி, கடைசிக் காட்சி, நடுவில் நடக்கும் மரணம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம். எது நான்கு முறைக்கு மேல் வருகிறதோ அதில் கைவைக்க வேண்டாம், அல்லது வேறொருவர் கண்ணால் எழுதட்டும். அடுத்து, காலத்தைச் சுருக்குவது. ஓர் இலையுதிர்விலிருந்து அடுத்த இலையுதிர்வுவரை. அல்லது ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடும் ஓராண்டு. முப்பதாண்டு முற்றிய மரம் விழுந்தபின் திடீரென்று லயத்து வாசலில் வெயில் அடிக்கும் அந்த முதல் மாதமே ஓர் அத்தியாயம். பிறகு, யார் கண் என்பது. பால்வெட்டியையும் கங்காணியையும் தவிர அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக் கிழவி, ஆள்கணக்கு ஏடான செக்ரோல் எழுதும் சின்னக் கிராணி, தோட்டத்து மருந்தகத்து டிரெசர், லாரி ஓட்டுநர், ஒற்றை ஆசிரியராகப் பள்ளியை ஓட்டியவர், கணவனின் செம்பனைக் குலைக்கணக்கை நிரப்ப உதிரிப் பழம் பொறுக்கியும் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத மனைவி எல்லாரும் உண்டு. பாரகுவாட் என்ற களைக்கொல்லி 2020-இல்தான் இந்நாட்டில் முழுதாகத் தடையானது. அதுவரை பதினாறு லிட்டர் தொட்டியை முதுகில் மாட்டி மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கறுத்து விழுந்த கையோடு அவர்கள் சோறு பிசைந்த காட்சியை நம் நாவல்களில் தேடினால் எங்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை. இது ‘தோட்டக் கதை’ என்பதால் வேண்டாமா?

தகவலுக்கு வழி இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகம் இதே நகரில் இருக்கிறது. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களை நூலகங்களில் தேடிப் பிடிக்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் முரசின் பழைய பக்கங்களை வீட்டிலிருந்தே திரையில் புரட்டலாம். தலையங்கத்தைப் படிப்பதைவிடக் காணவில்லை அறிவிப்பு, கடை விளம்பரம், அரிசி விலை இவற்றைப் படித்தால் நாவலுக்கு ஆகும். ஆனால் திரட்டியதில் பத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை முழுதாக அத்தியாயத்தில் ஒட்டுவது கட்டுரை வேலை. அந்தப் பட்டியலில் ஒன்று, துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னது. நாவலுக்கு அந்தச் சைக்கிள் ஒன்று போதும். இறங்காமல் மிதித்துப் போன முதல் ஆள், அவன் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த பையன்.

பொருள் பழசு என்கிற நாம், இங்கேயே காலடியில் கிடப்பதைப் பார்க்கிறோமா? கோலாலம்பூரின் பங்சார் என்ற பெயரே பங்கே, கிரிசார் என்ற இரு பெயர்களை ஒட்டி நடந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. இன்று அங்கே காப்பி குடிக்கிறோம். புத்ராஜெயா இருக்கும் இடம் பெராங் புசார் தோட்டம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் திறந்ததால் ‘பெரும்போர்’ என்று பெயர். அங்கே உருவான ஒட்டுரகங்கள்தான் பி.பி. என்ற முன்னெழுத்தோடு உலகெங்கும் நடப்பட்டன. தோட்டம் போய், ஆள்கள் டெங்கில் என்ற ஊரின் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். பி.பி. 260 மட்டும் இன்னும் எங்கெங்கோ பால் சுரக்கிறது. நாட்டின் நிர்வாகத் தலைநகரத்துக்கு அடியில் ஒரு தோட்டம் புதைந்திருக்கிறது, நாம் ‘தோட்டக் கதை போதும்’ என்கிறோம்.

மொழி பற்றியும் ஒரு மனக்குறை. சென்னையில் அச்சடிக்கக் கொடுக்கும்போது “பசியாறினாள்” என்பது “டிபன் சாப்பிட்டாள்” என்று திரும்பி வருகிறது. சடக்கு சாலையாகிறது, தீம்பார் காடாகிறது, மங்கு கோப்பையாகிறது, பெரட்டு அணிவகுப்பாகிறது. பெரட்டில் நின்றவர் யாரும் அணிவகுக்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். பதிப்பாளர்கள் ஒப்பந்தத்திலேயே வட்டாரச் சொல்லில் கைவைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. எழுதுகிறவர்களும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடைப்புக்குறியில் விளக்கம் தரும் பழக்கத்தை விட வேண்டும். “மங்கைக் கவிழ்த்து மரத்தடியில் வைத்தாள்” என்றால் மங்கு என்ன என்று திருநெல்வேலிக்காரருக்கும் புரியும்.

இனி உங்களிடம் கேட்பது.

‘புதுமையான கரு’ என்ற மதிப்பெண் பகுதியை எடுத்துவிடுங்கள். அந்த மதிப்பெண்ணை வேலையின் நுணுக்கம், காலத் துல்லியம், பேச்சுமொழி ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுங்கள். குறைந்தபட்சப் பக்க வரம்பு வேண்டவே வேண்டாம். கப்பல் காட்சி உள்ளே வருவதே பெரும்பாலும் அந்தப் பக்கத்தை நிரப்பத்தான். மேல் வரம்பாக 45,000 சொல் வையுங்கள், அச்சில் இருநூறு பக்கத்துக்குச் சற்று மேல் வரும். போட்டியை இரண்டு கட்டமாக நடத்தலாம். முதலில் மூன்று அத்தியாயமும் ஒரு பக்கக் கால அட்டவணையும் மட்டும். தேர்ந்த பத்துப் பேருக்கு எட்டு மாதம் கொடுங்கள், ஆளுக்கொரு செம்மையாக்குநரைக் கொடுங்கள். செலவு கூடும் என்பீர்கள். நாற்பது முழு நாவலைப் படிக்கிற நடுவருக்குத் தரும் தொகையில் ஒரு பகுதி இங்கே மிச்சமாகும், ஏனென்றால் அவர் படிக்கப்போவது பத்தை மட்டும். பரிசு பெறாதவருக்கும் அரைப்பக்கக் குறிப்பு போகட்டும். ‘சிறப்பான முயற்சி, வாழ்த்துகள்’ என்பது குறிப்பு அல்ல. எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது என்று எழுதினால் போதும்.

இதையெல்லாம் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்றால், விதிமுறைத் தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரே ஒரு திருத்தமாவது செய்யுங்கள். தவிர்க்க வேண்டிய கருப்பொருள்கள் என்று ஒரு பட்டியல் ஏறியிருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கடிகாரம் மாறிய மூன்று காலங்களையும் போட்டுவிடுங்கள். 1943-இல் ஆறு மணிக்கு விடியும் நாவல் அடுத்த ஆண்டு மேசைக்கு வராமலாவது இருக்கும்.

இப்படிக்கு,
கோலாலம்பூரிலிருந்து
சில பிழைதிருத்துநர்களும் முன்னாள் நடுவர்களும்